அடைமழையின் அட்டைகள்

“ஒரு வரியாவது எழுதியிருக்கீங்களாம்மா?” என்று கேட்டபடி, பதிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். கூடத்துச் சுவர் முழுக்க நாவலுக்கான குறிப்பு அட்டைகள் குத்தியிருந்தன. பறந்துவிடும் என்று அந்த வீட்டில் மின்விசிறியைப் போடுவதே இல்லை.

“ஒரு எழுத்துகூட எழுதல தம்பி,” என்றாள் அக்கா, ஏதோ விருது வாங்கியவள் மாதிரி.

தட்டச்சு மேசையில் உட்கார்ந்திருந்த தங்கை சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் நாவல்கள் அத்தனையையும் தட்டச்சு செய்தவள் அவள்தான். திட்டம், குறிப்பு என்று எதுவும் இல்லாமல் உட்கார்ந்த இடத்தில் கொட்டித் தீர்ப்பாள் அக்கா. அதனாலேயே வாசகர்கள் ‘அடைமழை’ என்று பேர் வைத்தார்கள். திட்டம் போட்டு எழுதுகிறவர்களை, “சமையல் குறிப்பைப் பார்த்துக் காதலிக்கிறவங்க” என்று மேடையிலேயே கிண்டல் செய்தவள்.

அந்த அக்காதான் இப்போது ஒரு வருஷமாக அட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் எந்தப் பக்கம், கதவுக்கு என்ன நிறம், யார் எந்தக் கையால் டம்ளரைப் பிடிப்பார்கள், எல்லாம் சுவரில் இருந்தது.

“அடைமழைன்னு பேர் வாங்கிட்டு, இப்போ குடம் குடமா எண்ணி ஊத்துறீங்களே,” என்றார் பதிப்பாளர்.

“மழைக்கு எங்க பெய்யறோம்னு தெரியாது. குடத்துக்குத் தெரியும்.”

அவர் சிரிக்கவில்லை. “நான் சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அந்தம்மாவுக்குச் சரக்கு தீர்ந்துபோச்சு, முதல் வரிக்குப் பயந்துக்கிட்டு சுவரை அலங்காரம் பண்றாங்கன்னு வெளியில பேசறாங்க. எனக்கும் அப்படித்தான் படுது. ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடலாம். மரியாதையா முடிச்சுக்கலாம்.”

தங்கை விரல்களை மடியில் இறுக்கிக்கொண்டாள். இந்த நாவலையும் பிடுங்கிக்கொண்டால் அக்காவிடம் மிச்சம் என்ன இருக்கும்?

“முடிக்க மாட்டேன்,” என்றாள் அக்கா. “கடைசி அத்தியாயங்களுக்கு இன்னும் அட்டை போடலை. போட்டு முடிக்கிற வரைக்கும் நாவலைத் தொட மாட்டேன். அதுக்கப்புறம் இதை யாராலயும் நிறுத்த முடியாது. என்னாலகூட.”

பதிப்பாளர் எழுந்து போய் ஓர் அட்டையில் மூக்கை வைக்காத குறையாகப் படித்தார். “‘தபால்காரர் செத்துப்போனவர். நீ மறுபடி அவரைப் பேச விடாதே.’ யாரும்மா அந்த நீ?”

“எழுதப்போறவ.”

“வீட்டுக்குப் புதுசா குடிவர்றவங்களுக்குக்கூட யாரும் இவ்வளவு விளக்கம் சொல்ல மாட்டாங்க.”

“அக்கா எப்பவும் கொஞ்சம் கூடுதலாத்தான்...” என்று தங்கை குறுக்கே விழுந்தாள். அக்கா ஒரு பார்வை பார்த்தாள்.

“உங்களுக்குச் சந்தேகம்னா ஏதாவது ஒண்ணை உருவுங்க தம்பி,” என்றாள் அக்கா. “எதை உருவினாலும் அது தன் கால்ல தனியா நிக்கும். முன்னாடி பின்னாடி எதுவும் தெரிய வேண்டாம். உங்க கண்ணு முன்னாடியே அந்த ஒரு காட்சியை மட்டும் எழுதிக் காட்டறேன். நல்லா இல்லைன்னா ரத்துக்கு நானே கையெழுத்துப் போடறேன்.”

தங்கை நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். ‘வேணாங்க்கா’ என்ற வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுபோனது.

பதிப்பாளர் லேசில் விடுகிற ஆள் இல்லை. நட்டநடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி மேசையில் போட்டார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாரோ கொடுத்ததைப் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடியும் படித்தாள்.

தையல்காரி கடையைக் காலி செய்ய மறுக்கிறாள். வலது காலைத் தாங்கி நடப்பவள். கட்டட முதலாளி அவளுக்குச் சித்தப்பா முறை. கோபம் வந்தால் அவள் குரல் இறங்கும், ஏறாது. அட்டையில் இருந்தது இவ்வளவுதான்.

பேனா ஓட ஆரம்பித்தது. பதிப்பாளருக்கு வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. ஒருவழியாக அக்கா காகிதங்களை அவர் பக்கம் தள்ளினாள்.

நின்றபடி படிக்க ஆரம்பித்தவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தையல்காரி முதலாளியிடம் சொல்கிறாள்: “உங்க கோட்டுக்கு அளவெடுத்தது நான்தான் சித்தப்பா. உங்க நெஞ்சு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்.”

அந்த வரியை அவர் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். அப்புறம், “அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் நான் வாயே திறக்க மாட்டேன்,” என்றார். உருவிய அட்டையை அதே இடத்தில் தன் கையாலேயே குத்திவிட்டுப் படியிறங்கிப் போனார்.

தங்கை கதவைச் சாத்தி அதிலேயே சாய்ந்துகொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

“ஜெயிச்சுட்டேக்கா. அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் குடுத்துட்டாரு.”

அக்கா அதற்குள் புது அட்டை ஒன்றை எடுத்திருந்தாள். பேனாவை அதன்மேல் வைத்தவள், என்ன நினைத்தாளோ, இரண்டையும் தங்கையிடம் நீட்டினாள்.

“அதை இதுல எழுதி சுவர்ல குத்திடுடி, காலையில எனக்கு ஞாபகம் இருக்காது.”