அந்த மூணு விநாடி

"இந்த வரியை எழுதின கையை முறிக்கணும்!"

கேதகி சொன்னதும் புனே ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை டீம் லீட் ஆகப் போகிறவள் சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்?

விஷயம் இதுதான். சர்க்கரை ஆலையில் கரும்பு லாரியை எடை போட்டு பட்டனைத் தட்டினால், சீட்டு வர மூன்று விநாடி ஆகிறது. லாரி ஒன்பது மணி நேரம் வரிசையில் நிற்கும். அதைப் பற்றி ஆலைக்காரர்களுக்குக் கவலை இல்லை. சீட்டு மூன்று விநாடி தாமதமானால் மட்டும் மெயில் மேல் மெயில்.

ஆலைக்கு இவர்கள் எழுதிக் கொடுத்த பழைய புரோகிராம் ரொம்ப கனமாம், அதனால்தான் மெதுவாம். மேனேஜர் ஹேரம்ப் சார் ஆறு மாதம் ஆட்களை வாட்டி, எல்லாவற்றையும் லேசான புது ஃபிரேம்வொர்க்குக்கு மாற்றினார். ஒரே நேரத்தில் பத்தாயிரம் லாரி வந்தாலும் தாங்கும் என்றார். கேக் வெட்டினார்கள்.

சீட்டு அதே மூன்று விநாடியில் வந்தது.

இன்றைக்குத்தான் கேதகி கண்டுபிடித்தாள். புரோகிராமுக்கு நடுவில் ஒரே ஒரு வரி: மூன்று விநாடி சும்மா இரு. வீடு மாறும்போது குப்பைக்கூடையையும் தூக்கி வந்த மாதிரி, பழையதிலிருந்து கூடவே வந்திருந்தது.

"யாரு வேலைன்னு பாரு," என்றார் ஹேரம்ப் சார்.

அதற்குத் துப்பறிய வேண்டாம். எந்த வரியைக் கடைசியாக யார் தொட்டார்கள் என்று பதிவு இருக்கும். கேதகி பெரிய திரையில் தட்டிக் காட்டினாள்.

சுஹாஸ் பிடே.

ஐம்பத்திரண்டு வயது. ஆபீஸே 'காகா' என்றுதான் கூப்பிடும், சித்தப்பா முறை வைத்து.

"காகா, தூக்கம் வந்தா நீங்க தூங்க வேண்டியதுதானே? புரோகிராமை ஏன் தூங்க வச்சீங்க?"

மறுபடியும் சிரிப்பு.

சுஹாஸ் அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேதகியைப் பார்த்தார்.

"உன் ப்ரமோஷன் லெட்டர் வெள்ளிக்கிழமைதானேம்மா?"

வயிற்றெரிச்சல் என்று நினைத்தாள் அவள். "ஆமா காகா. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல." ஹேரம்ப் பக்கம் திரும்பினார். "என் பேருதானே சார் இருக்கு. நான்தான்."

"நாளையிலேருந்து இந்த புராஜெக்ட்ல நீங்க வேண்டாம்."

"சரி சார்." கையிலிருந்த பலகார டப்பாவை மேஜை மேல் வைத்தார். "பாகர்வடி மிச்சம் இருக்கு. எடுத்துக்கோங்க."

போய்விட்டார்.

மொறுமொறுவென்ற அந்தக் காரச் சுருளைக் கடித்துக்கொண்டே கேதகி அந்த வரியை அழித்தாள். பட்டனைத் தட்டினாள். தட்டிய விரலை எடுப்பதற்குள் சீட்டு வந்துவிட்டது. கைதட்டல்.

அதோடு விட்டிருக்கலாம். எத்தனை வருஷமாகத் தூங்கினார் காகா என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாமே என்று, தன் இடத்தில் உட்கார்ந்து பதிவைத் தோண்டினாள்.

காகா அந்த வரியை எழுதவே இல்லை. ஃபைலைப் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு மாற்றியிருந்தார், அவ்வளவுதான். பேர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

வரி பிறந்தது அதற்கும் முன்னால். நாலு வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரமான ஒரு டிரெய்னி எழுதியது. பதிவில் அந்தப் பேருக்குப் பக்கத்திலேயே குறிப்பும் இருந்தது:

"சும்மா டெஸ்ட்டுக்குப் போட்டேன். நாளைக்கு எடுத்துடறேன் காகா. - கேதகி"