கையெழுத்தை மறைக்கவில்லை

சீசா என்ற பகுதியில் தாங்கள் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்களா என்று ஸ்ரெல்லா பலெர்மோ நகரசபையிடம் கேட்டிருந்தாள். அவள் வேலை செய்யும் வீட்டின் எசமானி சிஞ்ஞோராதான் எல்லாவற்றையும் விசாரித்து, மனுவை இத்தாலிய மொழியில் எழுதிக் கொடுத்தாள்.

பதிலோடு வந்த திட்டம் பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தது.

“வியாபார ரகசியமாம். காட்டக்கூடாதெண்டு கட்டுற கொம்பனி கடிதம் குடுத்திருக்கு,” என்றான் கணவன் விமலராஜ். “அந்தக் கடிதத்தில பேரையும் மறைச்சுப்போட்டாங்கள். கையெழுத்தைத்தான் மறந்திட்டாங்கள். ஆரெண்டு தெரியுதோ?”

வால் நீண்ட அந்தக் கையெழுத்தை ஸ்ரெல்லா வெகுநேரம் பார்த்தாள்.

“இல்லையப்பா.”

மறுநாள் சிஞ்ஞோரா அக்கறையோடு கேட்டாள்: “பதில் வந்ததா?”

“இன்னும் இல்லை, சிஞ்ஞோரா.”

இந்த நாட்டில் இருப்பதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க, வேலைக் கடிதத்தை ஸ்ரெல்லா நீட்டினாள். சிஞ்ஞோரா வருடாவருடம் போடும் கையெழுத்தைப் போட்டாள்.

அதே நீண்ட வால்.