அப்பா கொடுத்த கண்

“எடுக்கக் கூடாதுன்னா கூடாது! இது எங்க அப்பா கொடுத்த கண்ணு. அப்படியே கொண்டுபோய் அவர்கிட்ட ஒப்படைக்கணும்!”

சொல்லிவிட்டு டாக்டர் மேங்கின் மேசையில் ஓங்கிக் குத்தினார் மான்சிக். குத்திய அதிர்ச்சியில் கண்வலி மண்டைக்கு ஏற, “அம்மாடி!” என்று குனிந்துகொண்டார்.

அவர் மனைவி புன்ரே தலையில் அடித்துக்கொண்டாள்.

“பார்த்தீங்களா டாக்டர்? இந்தக் கண்ணுல பார்வை போய் ஆறு வருஷம் ஆச்சு. வலி மட்டும் போவேனான்னு அடம்பிடிக்குது. சோறு இறங்கலை, தூக்கம் இல்லை. புசான் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா கண்ணை எடுத்துட்டு, அதே மாதிரி செயற்கைக் கண்ணு வெச்சு விடுவாங்கன்னு நீங்களே சொல்றீங்க. இந்த மனுஷன் கேட்டாத்தானே!”

“மேல போனதும் அப்பா, ‘இன்னொண்ணு எங்கேடா’ன்னு கேட்பாரே, நான் என்ன பதில் சொல்றது?”

“பித்தப்பையை எடுத்தப்ப அப்பா ஞாபகம் வரலையோ? பதினொரு பல்லு போச்சே, அதெல்லாம் நான் கொடுத்ததா?”

டாக்டர் சிரிப்பை முகக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டார்.

“சண்டை வேண்டாம். எடுக்காமலே வலியைக் குறைக்கப் பார்ப்போம். ரெண்டு சொட்டு மருந்து தர்றேன் ஐயா. ஒண்ணு கண்ணுக்குள்ள இருக்கிற தசையைத் தளர்த்தும், இன்னொண்ணு வீக்கத்தைக் குறைக்கும். பார்வை திரும்பாது, ஆனா வலி அடங்கும். அதுக்கும் கேட்கலைன்னா கண்ணுக்குப் பின்னாடி ஒரு ஊசி போடலாம். நரம்பு மரத்துப்போய் சில மாசம் நிம்மதியா இருக்கலாம்.”

“ஊசி போட்டா வெளியே தெரியுமா?”

“சிலருக்குக் கொஞ்ச நாள் இமை தொங்கும்.”

“ஐயையோ! ஊசி வேண்டாம். கட்டும் போடாதீங்க!”

“அப்பா கொடுத்த இமையாச்சே” என்றாள் புன்ரே.

“சரி, இப்போதைக்குச் சொட்டு மருந்தே போதும். ஆனா நல்ல கண்ணுல மறந்தும் விட்டுடாதீங்க. கண் பாப்பா விரிஞ்சு எல்லாம் மங்கலாயிடும். உங்க ரெண்டு கண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருக்கு. எது பார்வை போனதுன்னு நானே ஃபைலைப் பார்த்துத்தான் சொல்றேன்.”

எந்தக் கண்ணுக்கு என்று கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டு பாட்டிலிலும் ஒட்டிக் கொடுத்தார்.

மருந்து வேலை செய்தது. இரண்டே வாரத்தில் மான்சிக் கடற்பாசி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, பாட்டு முணுமுணுத்தபடி முதியோர் மன்றத்துக்குப் பூப்படம் போட்ட கொரியச் சீட்டு ஆடக் கிளம்பினார். அங்கே ஒரு விதி உண்டு. ஆட்டத்தில் தோற்றவர்தான் அன்றைக்கு எல்லோருடைய சாப்பாட்டுப் பாத்திரங்களையும் தேய்க்க வேண்டும். மான்சிக் அங்கே ஒரு தட்டைத் தொட்டே வருஷம் ஒன்றாகிறது. கண்வலி உச்சத்தில் இருந்தபோதும் ஆட்டத்துக்கு ஒருநாள் லீவு போட்டதில்லை.

புன்ரேவுக்கு மனசு இளகிவிட்டது. அப்பாமேல் இத்தனை பாசம் வைத்திருக்கிற மனுஷனைப் போய்க் கிண்டல் செய்தோமே என்று வருத்தமாக இருந்தது. மாமனாரின் திதி அன்று படையலில் ஒரு பேரிக்காயை அதிகமாகவே வைத்து விழுந்து வணங்கினாள். “மாமா, நீங்க கொடுத்ததை உங்க பிள்ளை பத்திரமா வெச்சிருக்கார்” என்று சொல்லும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் மருந்தை மறந்துவிட்டுப் போய்விட்டார் மான்சிக். வேளை தவறினால் வலி வந்துவிடுமே என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு மன்றத்துக்கு ஓடினாள்.

கதவைத் தள்ளினாள். தரையில் விரித்த கம்பளியைச் சுற்றிக் கிழவர்கள் சீட்டைப் பளார் பளார் என்று அறைந்துகொண்டிருந்தார்கள். மான்சிக்கின் வலது தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார் சிநேகிதர் சில்போக். இடுப்பில் செருகிய ரோஸ் நிற ரப்பர் கையுறை, பாத்திரம் தேய்க்க இப்போதே தயார். கையில் சீட்டுகள் விசிறி மாதிரி விரிந்து கிடந்தன.

“என்ன தம்பி இது? சீட்டை இப்படிக் கடைபரப்பினா பக்கத்துல இருக்கிறவர் பார்த்துட மாட்டாரா?” என்றாள் புன்ரே.

மான்சிக்குக்கு முகம் வெளிறிப்போனது.

“இந்தப் பக்கம் பயமே இல்லை அண்ணி!” சில்போக் பெருமையாகச் சிரித்தார். “அண்ணனுக்கு வலது கண்ணுதானே தெரியாது? அவரே சொல்லியிருக்கார். அதான் அடிச்சுப்பிடிச்சு தினமும் இந்த இடத்தைப் பிடிக்கிறேன். ஆனாலும் என் ராசியைப் பாருங்க, ஒரு வருஷமா நான்தான் பாத்திரம் தேய்க்கிறேன்!”

“ஐயோ, வலிக்குதே!” மான்சிக் அவசரமாக வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். “மருந்தை வெச்சுட்டு நீ வீட்டுக்குப் போம்மா!”

புன்ரே மருந்தை வைக்கவில்லை. பாட்டிலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, டாக்டர் எழுதியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“‘இடது கண்ணுக்கு மட்டும்.’ சில்போக் தம்பி, அந்தக் கையுறையை எடுத்து உங்க அண்ணன்கிட்ட கொடு. அவருக்கு அப்பா கொடுத்த கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு!”