காரில் இருந்த புரோக்கர்

"கார்ல யாரு தங்கச்சி?"

"வீட்டு புரோக்கர், அண்ணே" என்றாள் அருந்ததி.

வீட்டுச் சொந்தக்காரர் அப்துல் காதர் வாசலில் நின்றபடி காரைப் பார்த்தார். பின்பக்கச் சாமான் பெட்டி, அந்த பூட், சரியாக மூடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. முன் சீட்டில் இருந்தவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ள வரச் சொல்லுங்களேன். வெயில் கொளுத்துது."

"பரவால்ல லா. அவருக்குப் பழக்கந்தான்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் கெலுகோர் பட்டணத்தில் தரை வீடு கிடைப்பது லேசில்லை. அருந்ததி குடியிருப்பது எட்டாவது மாடி. லிஃப்ட் ஆறாவதிலும் பதினொன்றாவதிலும்தான் நிற்கும். மோட்டார் சைக்கிள் விபத்தில் இரண்டு காலும் செயலிழந்த கணவன் தியாகராஜாவை வெளியே கொண்டுபோக, இரண்டு ஆள் சக்கர நாற்காலியோடு படியில் தூக்க வேண்டும்.

இதுவரை ஐந்து வீடு பார்த்தாயிற்று. நாற்காலியைக் கண்டதும் ஐந்து சொந்தக்காரர்களுக்கும், வீட்டை நேற்றே வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது திடீரென்று ஞாபகம் வந்தது. சாவி கைக்கு வரட்டும், உண்மையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள்.

"எத்தன பேரு குடிவருவீங்க?"

"நானும் அவரும்தான். அவருக்கு ஈப்போவுல வேல." சொல்லும்போதே நாக்கு கூசியது.

வாசலில் படியே இல்லை, சிமென்டுச் சரிவுதான். "மோட்டார் சைக்கிள் ஏத்தவா அண்ணே?" என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள். அவர் உள்ளே நடந்தார்.

அவர் ஜன்னலைத் திறந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, குளியலறைக் கதவின் அகலத்தை அவசரமாகச் சாணால் அளந்தாள். நாற்காலி தாராளமாகப் போகும். நிமிர்ந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சரிவு எம் பொஞ்சாதிக்குப் போட்டது" என்றார். "நாலு வருஷம் சக்கர நாற்காலியிலதான் இருந்தா. போன வருஷம் மவுத்தாயிட்டா."

அருந்ததி அளந்த கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அவ மாதிரி யாராச்சும் வந்தா அவங்களுக்குத்தான் இந்த வீடுன்னு வச்சிருக்கேன். மூணு மாசமா பூட்டியே கெடக்குது."

அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. எதை மறைக்க அத்தனை பொய்யும் சொன்னாளோ, அதைச் சொல்லியிருந்தாலே போதும். இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? காருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினாலும், முன் சீட்டில் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் முகத்துக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். வெட்கத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் வரேன் அண்ணே" என்று தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பினாள்.

அப்துல் காதர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"பூட்ல இருக்கிற நாற்காலிய எறக்குங்க தங்கச்சி, உங்க புருஷன் எவ்வளவு நேரந்தான் வெயில்ல இருப்பாரு."