காயாத சுவர்

“இன்னிக்கும் நசநசன்னுதான் இருக்கு,” என்று தலையை ஆட்டிக்கொண்டே பேஸ்மென்ட்டிலிருந்து ஏறி வந்தான் மாப்பிள்ளை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை என்று சொல்பவன்போல முகத்தை வைத்திருந்தான்.

மனைவி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். “ஒன்றரை மாசமா இதே பாட்டு. அப்பா இன்னும் எத்தனை நாளைக்குங்க ஹால்லயே படுத்துக்கிட்டிருப்பாரு?”

அதுதான் விஷயம். தனியாக இருந்த அப்பாவை இனி ஒரேயடியாக இங்கேயே வைத்துக்கொள்வது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பேஸ்மென்ட் காய்ந்து, கட்டில் அலமாரி எல்லாம் போட்டு, அறை முழுசாகத் தயாரான பிறகுதான் அப்பா இறங்கிப் பார்க்கலாம் என்று கண்டிப்பான உத்தரவு. அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான், அந்த வீட்டில் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. மாமனாரும், “உன் இஷ்டம்மா,” என்பதோடு சரி.

மாமனார் நல்ல மனிதர்தான். ஆனால் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி எழுப்பி, “குனிஞ்சு கால் கட்டைவிரலத் தொடுங்க பாப்போம், மாப்பிள்ளை,” என்பார். தொட முடியாவிட்டால் தொப்பையைப் பார்த்து ஒரு பெருமூச்சு வேறு.

ஆயுசு முழுக்க இதுவா என்று நினைத்தாலே மாப்பிள்ளைக்கு முதுகு வலித்தது. போதாக்குறைக்கு, அவன் நிம்மதியாக உட்கார்ந்து கேரம் ஆடும் ஒரே இடமும் அந்த பேஸ்மென்ட்தான். அதனால் தினமும் சாயங்காலம், மனைவி குளிக்கப் போகும் சமயம் பார்த்து, ஜன்னல் சுவரில் இரண்டு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஏறி வந்துவிடுவான். பாவ புண்ணியம் பார்த்துக்கொண்டிருந்தால் கேரம் போர்டு பரணுக்குப் போய்விடாதா?

அவளும் லேசில் விடுகிறவள் இல்லை. மூலைக்கு ஒரு ஃபேன் வைத்தாள். மாடியிலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர்க் குழாயைச் சுவரைவிட்டுத் தள்ளி வைத்தாள், வெளியே மண்ணைச் சரிவாகக் கொட்டிக் கெட்டிப்படுத்தினாள். சுவர் மட்டும் காய்ந்தபாடில்லை.

கடைசியில், சுவர் ஓதம் பார்க்கும் மேஸ்திரியையே வரவழைத்துவிட்டாள். அவர் போன ஞாயிற்றுக்கிழமை வந்து ஜன்னல் சுவரில் ஒன்று, படிக்கட்டுச் சுவரில் ஒன்று என்று அலுமினியத் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினார். ஒரு வாரம் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை அதற்கெல்லாம் அசருகிற ஆளா? தாள் நன்றாக நனைகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஊற்றினான்.

இன்று தாளைப் பிரிக்கும் நாள். மேஸ்திரி டார்ச்சோடு வந்து சேர்ந்தார். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் தலையைத் தூக்காமலே, “கடைசிப் படி வழுக்கும், பாத்து இறங்குங்க,” என்றார்.

கீழே போனதும் மேஸ்திரி ஒரு தாளைத் தடவினார், பிரித்தார், பின்பக்கத்தை விரலால் துடைத்துப் பார்த்தார். அடுத்த தாளையும் அதேபோலப் பார்த்தார்.

“மண்ணுலருந்து தண்ணி ஏறினா தாளுக்குப் பின்னால நனையணும்மா. ரெண்டு தாளும் பின்னால காஞ்சு கெடக்கு, முன்னாலதான் சொட்டச் சொட்ட இருக்கு. சுவர்ல ஒரு கோளாறும் இல்ல. ஈரம் வீட்டுக்குள்ளருந்துதான் வருது.”

மாப்பிள்ளை மெல்ல மனைவியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

“வீட்டுக்குள்ளருந்துன்னா? இங்க துணி காயப்போடறோமே, அதனாலயா?” என்றாள் மனைவி.

மேஸ்திரி மாப்பிள்ளையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். “அப்படியும் வச்சுக்கலாம்மா.”

“அப்ப இனிமே ஒரு துணி இங்க காயக்கூடாது. புதுத் தாள் ஒட்டிட்டுப் போங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை காஞ்சிருந்தா அன்னிக்கே அப்பாவுக்குக் கட்டில் போட்டுடலாம்.” சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

மேஸ்திரி புதுத் தாளை ஒட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “சார், எனக்கும் ஒரு மாமனார் இருக்காரு, அதனால உங்களக் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா ஊத்தறத ஒரு அளவா ஊத்த வேணாமா? ஜன்னல் சுவர்ல ஏதோ சொம்புல ஊத்தின மாதிரி இருக்கு. படிக்கட்டுச் சுவர்ல வாளி வாளியா கொட்டியிருக்கீங்க. மழை அப்படியா சார் பெய்யும்?”

“படிக்கட்டுச் சுவரா? நான் அந்தப் பக்கமே போகலையே.”

“என்கிட்டயேவா சார்?” மேஸ்திரி சிரித்துக்கொண்டே டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாப்பிள்ளை ஒன்றும் புரியாமல் மேலே வந்தான். மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மகள் சமையலறையில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு விரலைச் சொடுக்கி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். தொலைந்தோம், எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே அவன் போய் நின்றான்.

“நான் என் வீட்டுக்கே போறேன்னு அவகிட்ட நேரா சொல்ல எனக்குத் தைரியமில்ல,” என்று கிசுகிசுத்தார் மாமனார். “இந்த ஒரு வாரம் படிக்கட்டுச் சுவரையும் நீங்களே பாத்துக்கங்க மாப்பிள்ளை, வாளி தூக்கித் தூக்கி எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு.”