பயன்படுத்தாதது

“பாப்பா படுத்த தொட்டிலாண்ணா?”

திரையில் அந்தக் கேள்வி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டாம்பூச்சிப் படம்.

அவன் தன் விளம்பரத்தை மறுபடி பார்த்தான். இரும்புத் தொட்டில். புதியது. பயன்படுத்தாதது.

“இல்லம்மா” என்று அனுப்பினான்.

“அப்ப வேணாண்ணா.”

உடனே இன்னொன்று.

“கோச்சுக்காதீங்க. மொத புள்ளைக்குப் புதுசு ஆகாதாம். நல்லா இருக்குற பாப்பா படுத்ததுதான் வேணும்னு எங்க அத்தை சொல்றாங்க. சட்டை கூட பக்கத்து வீட்டுப் பாப்பாவோட பழசுதான்.”

அவன் அம்மாவும் அதையேதான் சொன்னாள். மனைவி சிந்துஜா கேட்கவில்லை. எட்டாம் மாதமே தொட்டிலை வாங்கிவிட்டாள். வயிற்றைத் தாங்கியபடி தரையில் உட்கார்ந்து அவளே திருகுகளை முடுக்கினாள். பாலித்தீன் உறையை மட்டும் பிரிக்கவில்லை.

பாப்பா வந்ததும் பிரிச்சுக்கலாம் என்றாள்.

பாப்பா வரவில்லை. சிந்துஜாவும் வரவில்லை.

நான்கு மாதமாக அவன் அந்தத் தொட்டிலைச் சுற்றிக்கொண்டு நடக்கிறான். அதற்காகச் சாப்பாட்டு மேசையைக்கூட நகர்த்தி வைத்தான்.

“போட்டோல ஓரமா ஒரு பூனை தெரியுதே. தொட்டில் வாங்குனா அது ஃப்ரீயா?”

மூன்று சிரிக்கும் முகங்கள்.

இவளுக்கு என்ன வயதிருக்கும்?

கேட்டான்.

“ஆப்ல பதினெட்டுன்னு டிக் போட்டிருக்கேன். நெசமா பதினாறு. பதினொண்ணாவது பாதியில நிறுத்திட்டாங்க.”

அவன் படித்த பி.காம். இரண்டாம் ஆண்டு, வணிகச் சட்டம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. ஐந்து மதிப்பெண். தேர்வில் பின் இருக்கையிலிருந்து சிந்துஜா முணுமுணுத்த விடை.

இவளுக்கு விற்க முடியாது. தொட்டில் வாங்கும் வயது இல்லை.

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

எடுத்தான்.

“எந்த ஆஸ்பத்திரி?”

“ஆஸ்பத்திரிக்கே போகலண்ணா. கார்டு போட்டா ஆதார் கேப்பாங்க. வயசு தெரிஞ்சா என்னைக் கட்டுன மாமாவ போலீஸ் புடிச்சிக்கும். வீட்லயேதான். அத்தைக்கு எல்லாம் தெரியும்.”

“எப்போ?”

“இந்த மாசக் கடைசி. காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. செருப்பே நுழையல. தலைவலி வேற.”

அவன் அந்த வரியைப் பல முறை படித்தான்.

சிந்துஜாவுக்கும் முதலில் கால்தான். பிறகு தலைவலி. பிறகு வலிப்பு. ஆஸ்பத்திரியில் நான்கு டாக்டர்கள் இருந்தார்கள்.

“எந்த ஊரு?”

“அதெல்லாம் எதுக்கு உங்களுக்கு?”

‘உடனே ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று அடித்தான். அனுப்பினான்.

“நீங்க வேற பயமுறுத்தாதீங்க. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் வேற தொட்டில் பாத்துக்கிறேன். பை.”

பச்சைப் புள்ளி அணைந்தால் போயிற்று. பட்டாம்பூச்சியைத் தவிர அவனிடம் எதுவும் இல்லை.

இந்தச் செயலியில் முகவரி சும்மா தெரியாது. வாங்குபவர் ஆர்டர் போட வேண்டும். விற்பவர் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்த வேண்டும். அப்போதுதான் திறக்கும்.

பச்சைப் புள்ளி இன்னும் இருந்தது.

“இரும்மா. தப்பா சொல்லிட்டேன். பாப்பா படுத்ததுதான்.”

“பொய். போட்டோல கவரே பிரிக்கல.”

“அது வாங்குன அன்னிக்கு எடுத்தது.”

“அப்ப இப்ப எடுத்து அனுப்புங்க, பாக்கலாம்.”

அவன் எழுந்தான்.

உறை நகத்துக்கு வரவில்லை. பல்லால் கடித்தான். கிழிந்தது. பெயிண்ட் வாசனை வந்தது.

கம்பிகளிலிருந்து முழுவதையும் உரித்தெடுத்தான். காலுக்கடியில் அது நொறுங்கும் சத்தம்.

அலமாரியில் சிந்துஜாவின் பருத்திப் புடவை. நான்காக மடித்து உள்ளே விரித்தான். மிகவும் நேராக இருந்தது. யாரும் படுத்ததுபோல் இல்லை.

நடுவில் முழங்கையை வைத்து அழுத்தினான். ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.

படம் எடுத்தான். அனுப்பினான்.

“ஐ. பையனா பொண்ணா?”

“பொண்ணு.”

“நல்லா இருக்காளா?”

சுவரில் சாய்ந்துகொண்டு அடித்தான்.

“நல்லா இருக்கா. இப்போ தூங்குறா.”

தெருவில் குக்கர் பழுது பார்ப்பவரின் ஒலிபெருக்கி கடந்துபோயிற்று. அவன் பச்சைப் புள்ளியையே பார்த்தான்.

திரை மேலே ஒரு பட்டை இறங்கியது. உங்களுக்கு ஓர் ஆர்டர் வந்துள்ளது. வாங்குபவர் பதினெட்டு வயது நிரம்பியவர் என உறுதியளித்துள்ளார்.

‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினான்.

முகவரி திறந்தது. பெயர், கதவு எண், ரேஷன் கடை எதிரில், ஊர், பென்னாகரம் வட்டம்.

தொட்டிலைக் கட்டி அனுப்ப எடுத்து வைத்திருந்த சணல் கயிறு மேசைமேல் கிடந்தது. அவன் அதைத் தொடவில்லை.

குழந்தைகள் உதவி எண்ணை அழைத்தான். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டான். மணி போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் பட்டாம்பூச்சி துடித்தது.

“ரொம்ப தேங்க்ஸ்ண்ணா. உங்க பாப்பா பேரு என்ன?”

மறுமுனையில் எடுத்தார்கள். பதினாறு வயசு, நிறைமாசம் என்றான். ஒரு பெண் குரல்.

“சொல்லுங்க சார். குழந்தையோட பேரு என்ன?”

முகவரியின் முதல் வரியைப் படித்தான்.