ஒத்துப்போகாத ஹெடர்

கல்யாண வீடியோ வட்டை பிளேயர் வெளியே தள்ளியது அன்றைக்கு ஐந்தாவது முறை. சோபாவில் பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். கப்பல் வேலையில் லீவு கிடைக்காமல் மகள் கல்யாணத்தைத் தவறவிட்டவர். வட்டை வேட்டியில் துடைத்து மறுபடியும் உள்ளே போட்டார்.

"உன் பட்டியல்ல அகலத்திரைன்னு இருக்கு. படத்தோட ஹெடர்ல, அதான் முன்குறிப்புல, சாதாத்திரைன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒத்துப்போகலையே," என்றது பிளேயர், முதல் தடவை சொல்வது போல.

"ஸ்டுடியோக்காரர் அவசரத்துல தப்பா போட்டுட்டார் சார். படம் பளிச்சுன்னு இருக்கு. ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்களேன்," என்றது வட்டு.

"படம் பார்க்கிறது என் வேலை இல்லை. ஹெடரைப் பார்க்கிறதுதான் என் வேலை."

"அப்போ உங்களை எதுக்கு சார் வாங்கி வச்சிருக்காங்க?"

"எதிர்த்துப் பேசாதே," என்று பிளேயர் அதைத் துப்பியது.

மறுநாள் புறாவை விரட்ட வட்டை பால்கனியில் நூல் கட்டித் தொங்கவிட்டார்கள். காற்றில் திரும்பும்போதெல்லாம் ஜன்னல் வழியே அதற்குக் கூடம் தெரிந்தது. ஸ்டுடியோவிலிருந்து வேறு வட்டு வந்திருந்தது. இந்தத் தடவை ஸ்டுடியோக்காரர் ஹெடரைத் திருத்தினார். படத்தைப் பதிய மறந்துவிட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு. வட்டுன்னா இப்படி இருக்கணும்," என்று பிளேயர் சந்தோஷமாக ஓட்டியது.

டிவியில் வெறும் கறுப்பு. அப்பா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.